முஹ்சினா டீச்சரும் மக்கா போன கீழ்க்காற்றும்

முஹ்சினாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. முதலமடையிலிருந்து பொள்ளாச்சி ஒரு மணி நேரம்தான். அதற்குள் இரண்டு தடவையாவது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவாள். எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய், மெடிக்கலில் தரும் மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுக் காரை மூன்று இடத்தில் நிறுத்தி, பட்டுப் புடவையோடு ரோட்டோரம் குனிந்து நின்றவள் அவள். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியும் கல்லூரிக்குப் போகவில்லை. கல்லூரி பாலக்காட்டில் இருந்தது. தினமும் போக வர பஸ்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவன் லாரி டிரைவர். மாங்காய் சீசன் தொடங்கினால் ஷஹீர் முதலமடையில் லோடு ஏற்றிக்கொண்டு பூனாவுக்கும் பம்பாய்க்கும் போய்விடுவான். திரும்பி வந்ததும் வழியில் பார்த்ததையெல்லாம் சொல்லுவான். சோறு ஆறிப்போவது தெரியாமல் முஹ்சினா கேட்டுக்கொண்டிருப்பாள். சீசனில் அவளுக்கும் பேக்கிங் ஷெட்டில் மாங்காய் தரம் பிரிக்கும் வேலை உண்டு. வருடம் முழுக்க இருக்கும் வேலை வேறு. காலை ஆறரை முதல் எட்டரை வரை, பள்ளிவாசலை ஒட்டிய மதரசாவில் சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் டீச்சர். இந்தக் கதை நடந்தபோது அவளுக்கு வயது முப்பத்தாறு.

அந்த வருடம் டிசம்பர் முதல் வாரத்தில் நாலாம் வகுப்புப் பாடத்தில் ஹஜ் வந்தது. இஹ்ராம் என்ற வெள்ளைத் துணி கட்டுவது, கஃபாவைச் சுற்றுவது, ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் நடுவே ஓடுவது, அரஃபாத்தில் நிற்பது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். முன் வரிசையில் இருந்த சுஹைனா கையைத் தூக்கினாள். ஒன்பது வயதுப் பெண். கேள்வி கேட்கத் தொடங்கினால் லேசில் விடமாட்டாள்.

"டீச்சருங்க, எங்க பெரியத்தா நெடும்பாசேரி ஏர்போர்ட்டுல ஏறி அஞ்சாறு மணி நேரத்துல போயிட்டாருங்க. ஏரோப்ளேன் இல்லாதப்ப எப்படிங்க போனாங்க?"

"கப்பல்ல போனாங்க கண்ணு."

"கப்பலுக்கு எஞ்சின் கண்டுபிடிக்காதப்பங்க?"

"அப்பப் பாய்மரக் கப்பல். காத்துல ஓடும்."

"எந்தக் காத்துலீங்க?"

காற்றில் எந்தக் காற்று என்று வேறு உண்டா என்று கேட்க வாயெடுத்தாள் முஹ்சினா. கேட்கவில்லை. உண்டா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றாள். மறுநாளும் தெரியவில்லை. அதற்கு மறுநாள் சாயங்காலம் பஞ்சாயத்து நூலகத்துக்குப் போனாள்.

நூலகத்தைப் பார்த்துக்கொள்பவள் பின்சி. நெம்மாராப் பக்கத்துப் பெண். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவாள்.

"ஹஜ்ஜைப் பத்தியா டீச்சரே, கப்பலைப் பத்தியா, இல்ல காத்தைப் பத்தியா? ஏது புஸ்தகம் வேணும்?"

"மூணும் வேணும் பின்சி."

மூன்று சாயங்காலம் முஹ்சினா அங்கேயே உட்கார்ந்தாள். மலையாள எழுத்தை அவள் விரல் வைத்துத்தான் படிப்பாள். ஒரு காலத்தில் ஹஜ் என்பது நாற்பது நாள் பயணம் அல்ல, போய்த் திரும்ப ஒரு வருடம், சில பேருக்கு இரண்டு வருடம். டமாஸ்கஸிலிருந்தும் கெய்ரோவிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஒட்டகங்கள் ஒன்றாகக் கிளம்பின. ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியிலிருந்து பாலைவனத்தைக் கடந்து நடந்தே வந்தவர்கள் உண்டு. வழியில் காசு தீர்ந்தால் நின்ற ஊரில் கூலி வேலை பார்த்து, பிள்ளை பெற்று, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மேலே நடந்தார்கள். மலபார்க் கரையிலிருந்து போனவர்கள் பொன்னானியிலும் கோழிக்கோட்டிலும் கப்பலேறினார்கள். கடலில் ஒரு குறிப்பிட்ட காற்று எழும்வரை கரையில் காத்திருந்தார்கள்.

எந்தக் காற்று என்பதைப் பின்சிதான் பள்ளிக்கூட அட்லஸில் காட்டினாள். குளிர்காலக் காற்றுக்கான படம். தரையிலிருந்து கடலை நோக்கி, அரபு நாட்டுப் பக்கமாக நீல அம்புகள் போய்க்கொண்டிருந்தன. மேற்கு மலைத்தொடர் பழுப்பு நிறத்தில் நீளமாகக் கிடந்தது. அதில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பழுப்பு விட்டுப்போயிருந்தது.

"இது ஏதாக்கும்?" என்று பின்சி அந்த இடத்தில் விரலை வைத்தாள். "நம்ம பாலக்காட்டுச் சுரம். மலைக்கு இவ்வளவு பெரிய வாசல் வேற இல்ல. காத்தெல்லாம் இதுக்குள்ள புகுந்துதான் கடலுக்குப் போகும்."

முஹ்சினா புத்தகத்தை மூடாமல் எழுந்து வெளியே வந்தாள்.

வெளியே கீழ்க்காற்று அடித்துக்கொண்டிருந்தது. கார்த்திகை பிறந்தால் தை முடியும்வரை முதலமடையில் அடிக்கும் காற்று அது. உதடு வெடிக்கும், காயப்போட்ட துணி பக்கத்துத் தோப்பில் கிடக்கும், சோற்றுத் தட்டில் மண் விழும். பிறந்ததிலிருந்து அவள் திட்டித்தீர்த்த காற்று. சாயங்கால வெயிலில் தென்மலை சிவந்து கிடக்க, அவள் கிழக்கே முதுகைக் காட்டி நின்றாள். காற்று முந்தானையைப் பிடித்து மேற்கே இழுத்தது. தோப்புகளுக்கு மேலே, கொல்லங்கோட்டுப் பனைகளுக்கு மேலே, அவள் பார்த்தே இராத கடல்வரைக்கும், அதைத் தாண்டியும் அது போய்க்கொண்டிருந்தது. ஆயிரம் வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் காற்றை எதிர்பார்த்துத்தான் அந்த ஜனங்கள் கரையில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் செங்கோட்டையனின் மாந்தோப்பு. மதரசாவின் மதிலை ஒட்டியே அவருடைய வேலியும் இருந்தது. வேலியோரம் நின்று, தரையில் உதிர்ந்து கிடந்த மாம்பூவைச் செருப்புக்காலால் தள்ளிக்கொண்டிருந்தார் அவர்.

"பாத்தீங்களா அம்மிணி, பாழாப்போன கீகாத்து. பூவெல்லாம் தரையில கெடக்குது."

"அண்ணா, இந்தக் காத்துதானுங்க அந்தக் காலத்துல எங்காளுங்களை மக்காவுக்குக் கூட்டிட்டுப் போச்சு."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "காத்தா?"

"காத்துதானுங்க. பொன்னானிக் கப்பலோட பாய்ல போய் அடிக்கறது இதே காத்துதானுங்க."

செங்கோட்டையன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, மேற்கே பார்த்தார். "அட" என்றார். அவ்வளவுதான். பிறகு மறுபடியும் பூவைத் தள்ள ஆரம்பித்தார்.

மறுநாள் காலை முஹ்சினா வீட்டிலிருந்து இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றை மதரசாவுக்கு எடுத்துப்போனாள். பிள்ளைகளை மைதானத்தில் கூட்டி, எட்டுப் பேரை அதன் ஓரங்களைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். தலைக்கு மேல் தூக்கியதுதான் தாமதம், விரிப்பு படாரென்று விடைத்தது. எட்டுப் பேரையும் இழுத்துக்கொண்டு மேற்கு மதில்வரை போயிற்று. சிராஜ் என்ற பையன் கால் தடுக்கி விழுந்தும் பிடியை விடாமல் மண்ணில் தேய்ந்துகொண்டே போனான்.

"இதுதான் சுஹைனா கேட்ட காத்து" என்றாள் முஹ்சினா. "நேத்துவரைக்கும் எனக்கும் தெரியாது."

பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். டீச்சருக்கு ஒன்று தெரியாமல் இருந்தது என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி.

மதிலோரம் காற்று படாத இடத்தில் உட்காரவைத்துச் சொன்னாள். கப்பலில் அரிசி, கருவாடு, குடிதண்ணீர்ப் பீப்பாய் ஏற்றியதைச் சொன்னாள். தண்ணீர் நாற ஆரம்பித்தாலும் அதையே அளந்து குடித்ததைச் சொன்னாள். காற்று நின்றுபோனால் கண்ணாடி போன்ற கடலில் நாள் கணக்கில் நகராமல் கிடந்ததைச் சொன்னாள்.

"சரியா ஹஜ் அன்னைக்குப் போய்ச் சேந்துருவாங்களாங்க?" சுஹைனா.

"அதுலதான் சிக்கல் கண்ணு. காத்து சூரியன் பேச்சைக் கேக்கும். ஹஜ்ஜு பிறை பேச்சைக் கேக்கும். ரெண்டும் ஒண்ணா வராது. சில வருசம் ஆறேழு மாசம் முன்னாடியே போய்ச் சேந்துட்டு அங்கேயே காத்திருப்பாங்க. திரும்பி வருவமா மாட்டமான்னு தெரியாது. அதனால கெளம்பறதுக்கு முன்னாடி ஊர்ல வீடு வீடாப் போவாங்க. தெரிஞ்சும் தெரியாமயும் உங்களுக்கு ஏதாச்சும் கெடுதல் செஞ்சிருந்தா பொறுத்துக்குங்கன்னு கேப்பாங்க. ஒருத்தர் மனசுலயும் வருத்தத்தை வெச்சுட்டுக் கப்பல் ஏறக் கூடாது."

சொல்லிவிட்டு அவள் அதை மறந்துபோனாள். பிள்ளைகள் மறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் செங்கோட்டையன் மதரசா வாசலில் வந்து நின்றார். கூடவே அவருடைய மகள் கிருத்திகா. சுஹைனாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு.

"ஏனுங்க அம்மிணி, உங்க பசங்களுக்கு என்னாச்சுங்க? நேத்திலிருந்து ஒவ்வொருத்தனா ஊட்டுக்கு வந்து மன்னிச்சுக்குங்க மன்னிச்சுக்குங்கன்னு நிக்கறானுங்க. அந்தச் சிராஜு, போன வருசம் மோட்டார் ரூம் கூரை ஓட்டை ஒடச்சது நாந்தானுங்கன்னு தானா வந்து சொல்றான். நான் இத்தன நாளா அதுக்கு ஒரு கொரங்கை வஞ்சிட்டு இருந்தனுங்க."

முஹ்சினா வாயைப் பொத்திக்கொண்டாள். விசாரித்தால், ஊரே அப்படித்தான் இருந்தது. மளிகைக் கடைக்காரர், பால் ஊற்றுபவர், பள்ளிக்கூட வாட்ச்மேன் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ஒரு குட்டிப் பெண் கல்லெறிந்து அடித்த தெருநாயைத் தேடிப் போய், அது நின்று கேட்கவில்லை என்று அழுதிருக்கிறாள்.

"வஞ்சீங்களா அவனை?"

"எப்படிங்க வைய முடியும்? முகத்தைப் பாத்தா நெசமாவே எங்கியோ கெளம்பறவனாட்ட இருந்துச்சு." கொஞ்சம் தயங்கினார். "எங்க கெளம்பறானுங்க?"

"எங்கயும் இல்லீங்கண்ணா. இவங்கள்ல ஒருத்தருங்கூடக் கடலைப் பாத்ததில்லை." நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நானும் பாத்ததில்லீங்க."

"நானும் பாக்கலை" என்றாள் கிருத்திகா, அப்பாவின் கையை ஆட்டியபடி.

அப்படித்தான் அந்தப் பயணம் முடிவாயிற்று. செங்கோட்டையனின் அக்கா மகன் நவீன்குமார் பரம்பிக்குளத்துக்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். கிறிஸ்துமஸ் லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து மதரசா வாசலில் நிறுத்தினான். பதினான்கு பிள்ளைகள், இரண்டு தாய்மார், செங்கோட்டையன், கிருத்திகா. கடைசியாக, கையில் பிளாஸ்டிக் கவர்க் கட்டோடு முஹ்சினா. முந்தின நாள் ஷஹீர் போனில் சிரித்தான். "பொள்ளாச்சியே தாண்டாதவ பொன்னானி போறியா?" அவளுக்கே பயமாகத்தான் இருந்தது.

நெம்மாரா வருவதற்குள் முதல் கவர் போயிற்று. வடக்கஞ்சேரியில் வண்டியை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் அவள் கணக்கு வைக்கவில்லை. கண்ணை மூடி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக் கிடந்தாள். ஒரு பிள்ளை அவள் முதுகைத் தடவியது, இன்னொன்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டியது. கிருத்திகா எலுமிச்சை இலையைக் கசக்கி மூக்கருகில் வைத்தாள்.

"டீச்சருங்க" என்றாள் சுஹைனா, மெதுவாக. "கப்பல்ல போனவங்களும் இப்படித்தானுங்க வாந்தி எடுத்திருப்பாங்க?"

"எடுத்திருப்பாங்க கண்ணு."

"ஒரு மாசமாங்க?"

முஹ்சினா கண்ணைத் திறந்தாள். இத்தனை படித்தும் இது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் மனதில் இருந்த ஹாஜிகள் எல்லாம் வெள்ளை உடுத்து, நிமிர்ந்து நின்று கடலைப் பார்ப்பவர்கள். இப்போது வேறு ஆட்கள் தெரிந்தார்கள். அவளைப் போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பலகையில் சுருண்டு கிடக்கும் பெண்கள். இறங்க இடமில்லை, நிறுத்தச் சொல்ல ஆளில்லை. அப்படியும் போனார்கள். தனக்கு மூன்று மணி நேரம். அவர்களுக்கு ஒரு மாதம். அவள் தண்ணீரை வாங்கி முகத்தில் அடித்துக்கொண்டு, நவீன்குமாரிடம், "நிறுத்த வேண்டாம் தம்பி, போங்க" என்றாள்.

பொன்னானியில் வண்டி திரும்பியதும் தென்னைகளுக்கு நடுவே அது தெரிந்தது. முதலில் யாரும் அதைக் கடல் என்று நினைக்கவில்லை. வானம் கீழே இறங்கிவந்திருக்கிறது என்றுதான் நினைத்தார்கள். வண்டியிலிருந்து இறங்கிய பதினைந்து பிள்ளைகளும் ஓடவில்லை, கத்தவில்லை. மணலில் கால் வைத்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். வாய் மூடாத சிராஜ் வாய் திறந்தபடி நின்றான், சத்தம் மட்டும் வரவில்லை. செங்கோட்டையன் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். முஹ்சினா மணலிலேயே உட்கார்ந்து, ஆற்றுமுகத்தில் படகுகள் போவதையும் அதற்கப்பால் ஒன்றுமே இல்லாததையும் பார்த்தாள்.

கிருத்திகாதான் முதலில் பேசினாள். "அந்தப் பக்கம் யாரு இருக்கறாங்க?"

"அரபு நாடு. நேராப் போய் வடக்கே திரும்பினா மக்கா."

கரையில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மீன்பிடிப் படகுக்காரர் ஒருவர் இவர்களைப் பார்த்துச் சிரித்தார். ரிஜின் என்று பெயர் சொன்னார். முப்பது வயதிருக்கும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பாலக்காட்டுக்குக் கிழக்கே, முதலமடை என்றாள் முஹ்சினா.

"அப்போ நிங்களோட காத்துதான் எங்களைப் படுத்துது" என்றார் அவர்.

முஹ்சினா நிமிர்ந்தாள். "என்ன சொன்னீங்க?"

"கிழக்கன் காத்து. தனு, மகரம் மாசத்துல, நிங்களோட மார்கழி, தையில, கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். பாலக்காட்டுச் சுரம் வழியா வர்ற காத்துன்னு எங்க ஆளுங்க சொல்லும். அது பலமா வந்தா எஞ்சின் ஆஃப் பண்ணினாப் போதும், படகு தன்னால மேற்கே போயிடும். திரும்பி வரத்தான் பாடு."

அட்லஸில் பார்த்தது வேறு. இது வேறு. அவள் ஒரு யூகத்தைத்தான் இத்தனை நாள் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் சந்தேகமும் இருந்தது. இப்போது கடல்மேல் பிழைக்கிற ஒரு மனிதர், கேட்காமலே, வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டே அதைச் சொல்லிவிட்டார். "சுஹைனா, கேட்டியா?" என்றாள். சுஹைனா தலையை ஆட்டினாள். ரிஜின் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் வலையைக் கீழே வைத்துவிட்டார். "இத்தன வருசம் இதுல போறேன். இது எனக்குத் தோணல டீச்சரே" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு முஹ்சினா இன்னொரு கதையும் சொன்னாள். சொல்லலாமா வேண்டாமா என்று வீட்டிலேயே யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்திருந்த கதை. கடலுக்கு முன்னால் உட்கார்ந்தபோது மறைக்க மனம் வரவில்லை. ஐந்நூறு வருடத்துக்கு முன், ஹஜ் முடித்து மக்காவிலிருந்து கோழிக்கோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கப்பலைப் போர்ச்சுகீசியக் கப்பற்படை இந்தக் கடலில் மறித்தது. சரக்கைப் பிடுங்கிக்கொண்டு கப்பலுக்குத் தீ வைத்தது. நூற்றுக்கணக்கான பேர். ஊர் வந்து சேர இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது.

"கொழந்தைங்களும் இருந்தாங்களா?" என்றாள் கிருத்திகா.

"இருந்தாங்க கண்ணு."

சிராஜ் மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல் கேட்டான்.

"அதுக்கப்புறம் யாருமே போகலீங்களா?"

"போனாங்க."

"எப்பங்க? நூறு வருசம் கழிச்சுங்களா?"

"இல்ல. அப்பவும் போனாங்க. நடுவுல நிறுத்தவே இல்ல."

சிராஜ் கையிலிருந்த மணலை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்ததை என்னவென்று சொல்வது? பயம் இல்லை. பெரியவர்களுக்கு நடுவே முதன்முறையாக உட்கார இடம் கிடைத்த பையனின் முகம் அது என்று முஹ்சினா பிற்பாடு ஷஹீரிடம் சொன்னாள்.

அந்தச் சீசனில், மார்ச் மாதம், ஷஹீர் பம்பாய்க்கு லோடு ஏற்றியபோது முஹ்சினா பையோடு வந்து நின்றாள். அவன் விளையாட்டு என்று நினைத்தான். அவள் கேபினில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கிருஷ்ணகிரி தாண்டும்வரை ஒரு பாடு, கர்நாடகா முழுக்க இன்னொரு பாடு. பம்பாயில் இறங்கியபோது அவளால் நிற்க முடியவில்லை. ஆனால் மறுநாள் காலையிலேயே துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டாள். நீராவிக் கப்பல் வந்த பிறகு ஹஜ் பயணிகள் நாடு முழுவதிலிருந்தும் அந்த ஊருக்குத்தான் வந்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பல் ஓடியது. துறைமுகக் கேட்டில் காவலர் உள்ளே விடவில்லை. எதிரே நடைபாதையில் ஒரு டீக்கடை பெஞ்ச் இருந்தது. அங்கே உட்கார்ந்து, மதரசாவின் மூத்த ஆசிரியரான உஸ்தாதின் போனுக்கு வீடியோ கால் போட்டாள். திரையில் பதினான்கு முகமும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வந்தன.

"டீச்சருங்க, அங்க என்னங்க தெரியுது?"

உயரமான மதில் சுவர், அதன்மேல் கம்பி, அதற்கும் மேலே ஒரு கப்பலின் வெள்ளைப் புகைபோக்கி மட்டும். முஹ்சினா போனைத் திருப்பி அதைக் காட்டினாள். லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. ஷஹீர் டீயை நீட்டினான், அவள் வாங்கவில்லை.

"இந்த ரோட்டுலதானுங்க எல்லாரும் மூட்டையோட நடந்திருப்பாங்க?" என்றது ஒரு குரல். யாருடையது என்று தெரியவில்லை.

"ஆமா" என்றாள் முஹ்சினா. போனைத் தாழ்த்தி, ரோட்டையும் கொஞ்ச நேரம் காட்டினாள்.